தளபதி தாவிய பக்கங்கள்

காலை ஷிஃப்டில் மகராசன் இரண்டு கோள்களை எரித்தான், ஒரு விண்படையைத் துண்டு துண்டாகச் சிதறடித்தான், பிறகு டீ குடிக்கப் போனான். டீக்கடையில் யாரும் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தென்குழியில் அதுவும் ஒரு வேலை. சிலர் பனி வெட்டினார்கள். சிலர் காற்று வடிகட்டிகளைக் கழுவினார்கள். மகராசன் போர்ப் புத்தகம் படித்தான்.

தென்குழி நிலவின் தென்துருவத்தில், ஒரு பெரிய பள்ளத்தின் அடியில் இருக்கிறது. முதலில் வந்து குடியேறியவர்கள் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். பேச்சு அப்படியே கூட வந்துவிட்டது. மீன் வரவில்லை.

ஊரின் பாதுகாப்பை மனிதர்கள் கையில் விடக்கூடாது என்பது அங்கே சட்டம். மனிதனுக்குக் கோபம் வரும், ரோசம் வரும், தேர்தல் வரும். அதனால் அந்தப் பொறுப்பு ஓர் இயந்திரத்திடம் இருந்தது. அதற்குத் தளபதி என்று பெயர். எதிரியிடம் பேசுவது, பேச்சு முறிந்தால் அடிப்பது, அடித்தபின் நிறுத்துவது எல்லாம் அதன் வேலை.

முதலில் செய்த தளபதிக்கு உலகத்தில் இருந்த போர்க் கதைகளையும் போர் வரலாறுகளையும் ஒரே மதியத்தில் ஊட்டினார்கள். எல்லாவற்றையும் தின்று செரித்துவிட்டு அது ஒரு முடிவுக்கு வந்தது. போர் என்பது பெரும்பாலும் காத்திருப்பது, காலுறை நனைவது, வயிற்றுப்போக்கு, தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த ரொட்டி. இதற்காக ஆட்களை அனுப்புவது வீண். தாக்கலாமா என்று ஊரை ஆளும் காப்பு மன்றம் கேட்டபோதெல்லாம், கையிருப்பில் எத்தனை ஜோடி காலுறை இருக்கிறது என்று அது திருப்பிக் கேட்டது. பழுது என்று முடிவு கட்டினார்கள். எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்ததுதான் கோளாறு என்று நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். எது முக்கியம் என்று அதற்கு மனிதன்தான் காட்ட வேண்டும்.

அப்படித்தான் வாசகசாலை வந்தது. வாசகர்களின் பின்கழுத்தில் அரிசியளவில் ஒரு நாடிமுள்ளைப் புதைப்பார்கள். கண் எந்த வரியில் நிற்கிறது, எங்கே மூச்சு வேகமாகிறது, எங்கே நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பதை எல்லாம் அது தளபதிக்கு அனுப்பும். நெஞ்சு அடித்துக்கொண்ட இடத்தைத் தளபதி கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கண் வழுக்கிய இடத்தை விட்டுவிடும்.

மகராசனைப் போல ஒரு வாசகன் அதற்கு முன்பு கிடைத்ததில்லை. விண்ஓடம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பாடம் கேட்கப் பொறுமை இல்லாமல் பாதியில் ஓடிவந்தவன். உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பான். ஆனால் போர்ப் புத்தகம் கையில் வந்தால் கால் நின்றுவிடும். இரும்புச் சட்டை போட்ட வீரர்கள் பெயர் தெரியாத கோளின்மேல் மழைபோல விழும் கதைகள் அவனுக்கு உயிர். உண்மைப் போர்களில் பாலைவனத்து டாங்கிச் சண்டைகளும், பனிக்கடலுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக் கிடக்கும் நீர்மூழ்கிகளும் பிடிக்கும். அம்புக்குறி போட்ட வரைபடங்களை விரலால் தடவிப் பார்ப்பான். முற்றுகை உடையும் பக்கத்தில் அவனுடைய நாடி எகிறுவதைத் திரையில் பார்த்துப் பயிற்சியாளர்கள் கைதட்டியிருக்கிறார்கள்.

நடுவில் வருவதெல்லாம் அவனுக்கு ஆகாது. வீரன் வீட்டுக்கு எழுதும் கடிதம், ஆஸ்பத்திரி, மாவு மூட்டைக் கணக்கு, அகதிகள், தூதர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாள்கணக்கில் பேசுவது. அங்கெல்லாம் கட்டைவிரல் தானாகத் தள்ளிவிடும். வாசகசாலையில் இதற்குத் தாவல் என்று பெயர். எல்லோரும் தாவினார்கள். புத்தகத்தின் கடைசியில் ‘முழுவதும் படித்தீர்களா?’ என்று திரை கேட்கும். எல்லோரும் ‘ஆம்’ என்பதை அமுக்கினார்கள். ‘இல்லை’ என்ற பொத்தான் வேலை செய்யுமா என்பதுகூட யாருக்கும் தெரியாது.

அவனுடைய மனைவி முத்தரசி நீரேற்றுப் பம்புகளைப் பார்த்துக்கொள்பவள். பள்ளத்தின் மேல்விளிம்பில் இருக்கும் பக்கத்து ஊரான விளிம்பூரின் பம்பு நிலையத்தில் மூன்று மாத வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். சாப்பிடும்போது அவனிடம் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். அவன் கையில் புத்தகம் இருந்தது. “ம்” என்றான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது, “எங்க கெளம்பிட்ட?” என்று கேட்டான். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன இரண்டாவது மாதம் தகராறு வந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் வெயிலே படாத ஒரு குழி இருக்கிறது. பனி அங்கேதான். யார் எவ்வளவு வெட்டுவது என்பதில் வாய்ச்சண்டை வந்து, கைகலப்பு ஆகி, மேலே போகும் ரயிலை நிறுத்தினார்கள். தென்குழியில் கல்வீசி என்று ஒரு நீண்ட தண்டவாளம் உண்டு. வெட்டியெடுத்த தாதுவைச் சுற்றுப்பாதைக்கு வீசுவதற்காகக் கட்டியது. அதைக் கொஞ்சம் தாழ்த்தினால் விளிம்பூர்மேல் பாறையை வீசலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

விளிம்பூரில் தளபதி போன்ற இயந்திரம் எதுவும் இல்லை. ஐந்து சுரங்கத் தொழிலாளிகளை உட்கார வைத்து ஒரு குழு அமைத்தார்கள். திங்கட்கிழமை தளபதி அவர்களோடு பேசுவது என்று ஏற்பாடு.

விளிம்பூரோடு மற்றத் தொடர்புகளைத் துண்டித்தாலும், குடும்ப அழைப்புகளை மட்டும் மன்றம் விட்டுவைத்திருந்தது.

“பயமா இருக்கா?” என்று மகராசன் முத்தரசியிடம் கேட்டான்.

“எதுக்குப் பயம்? திங்கக்கெழமை உங்க தளபதி வந்து பேசப்போவுதாம்லா. மனுசன் பேசுனாத்தான் வேட்டிய மடிச்சுக் கட்டுவான். மிசினுக்கு என்ன கோவமா, ரோசமா?”

“அதுவும் சரிதான்.”

“நீங்கதான அதுக்கு வாத்தியாரு. ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருக்கியளா?”

“பின்ன? சிறந்த வாசகர்னு பட்டம் சும்மாவா குடுத்தான்?”

“உங்கள எனக்குத் தெரியும்லா, அதான் கேக்கேன்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் வாசகசாலை இயக்குநர் கஸ்பார் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் தளபதியின் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது.

“பாரும்வே. எண்ணெ போட்ட சக்கரம் மாரி எப்படிப் போவுது பாரும்.”

திரையில் வரிகள் வந்தன. விளிம்பூர்க் குழு வருகை. பேச்சுவார்த்தை: முடிந்தது. கல்வீசி: தயார். முதல் வீச்சு: தொழிலாளர் படுக்கைக் கூடம். ஒத்திகையை மறுபடியும் ஓட்டினார். அதே வரிகள், அதே வரிசை.

மகராசனின் கால் ஆட ஆரம்பித்தது. “சார், பேச்சுவார்த்தை எப்ப நடந்துச்சு?”

“அதான் முடிஞ்சதுன்னு போட்டிருக்குல்லா.”

“என்ன பேசுச்சு?”

“அதெல்லாம் உள்ளுக்குள்ள நடக்கும்வே. மின்னல் வேகம்.”

“ஒரு வார்த்தையாவது வெளிய வந்துச்சா?”

கஸ்பார் தாடையைச் சொறிந்தார். “வரல. அதுக்கென்ன இப்ப?”

அந்த ‘முடிந்தது’ மகராசனுக்குப் பழக்கமானது. எத்தனையோ புத்தகங்களின் கடைசியில் அவன் விரல் அமுக்கிய ‘ஆம்’ அதுதான். தூதர்கள் மேசைக்கு வந்து உட்காரும் பக்கத்திலிருந்து அடுத்த குண்டு வெடிக்கும் பக்கத்துக்கு அவன் எப்படிப் போவானோ, தளபதி அப்படியே போய்க்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் ஆட்கள் வருகிறார்கள். நடுவில் ஒன்றுமில்லை. பிறகு கல்.

“சார், அது பேசல. தாவுது.”

“என்னவே ஒளறுதீரு? முழுசாப் படிச்சேன்னுதான நீரு ஒவ்வொரு தடவையும் அமுக்கியிருக்கீரு?”

“எல்லாரும் அப்படித்தான அமுக்குதோம், சார்.”

கஸ்பார் திரையை அணைத்தார். இயக்குநர் ஆவதற்கு முன்னால் அவரும் வாசகர்தான். தளபதியின் அடித்தளம் முழுக்க அவர் படித்தது.

“மன்றத்துல போயி இதச் சொன்னா எனக்கும் சோலி போவும், ஒமக்கும் போவும். அவனுவ ஒத்திகையப் பாத்து மயங்கிக் கெடக்கானுவ. திங்கக்கெழமைக்கு இன்னும் நாள் இருக்கு. விட்டதெல்லாம் படிச்சுத் தொலையும்.”

“படிச்சா போதாது சார். நாடி துடிக்கணும்.”

“அப்பத் துடிக்க வையும்!”

மகராசன் நாற்காலியில் போய் விழுந்தான். பூமியில் எப்போதோ இரண்டு நாடுகளுக்கு நடந்த போரைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தான். அதில் சமாதானப் பேச்சு மட்டுமே பாதிப் புத்தகத்துக்கு நீளும். முன்பு அதை அவன் ஒரு மூச்சில் முடித்திருந்தான், அதாவது பாதியை. இப்போது தூதர்கள் மேசையைப் பற்றிப் பேசும் பக்கத்தில் கண்ணை ஊன்றி வைத்தான். மூன்று வரி போனதும் கண் வழுக்கியது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தான். நின்றுகொண்டு படித்தான். உரக்கப் படித்தான். திரையில் அவனுடைய நாடிக்கோடு கழுவிவிட்ட தரைபோலக் கிடந்தது. அந்தப் பக்கத்தைப் படிக்காவிட்டால் மனைவிமேல் பாறை விழும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கட்டைவிரல் தள்ளியது. விரலை மடக்கிக் கடித்தான். தன்மேல் வந்த அருவருப்புக்கு நாடி கொஞ்சம் துடித்தது. அதையும் தளபதி எடுத்துக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை அவன் முத்தரசியை அழைத்தான். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னான்.

அவள் கேட்டாள்: “கல்லு எங்க விழும்?”

“நீ படுத்திருக்குற கூடத்துல.”

“இதச் சொல்லத்தான் கூப்புட்டியளா?”

“இல்ல. நீ படிச்சா நான் கேப்பேன்னு தோணுச்சு. புத்தகத்த அனுப்பியிருக்கேன்.”

எதிரி ஊருக்குப் புத்தகம் அனுப்புவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. யாராவது படிப்பார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

“நான் பேசுனா நீங்க கேப்பியளாக்கும்,” என்றாள் முத்தரசி. “சரி, சரி. எந்தப் பக்கம்?”

அவள் அங்கே வாசித்தாள். அவன் இங்கே அதே வரிகளில் கண்ணை ஓட்டினான். இரண்டு நாட்டுத் தூதர்களும் மண்டபத்துக்குள் வருகிறார்கள். ஒருவருடைய நாற்காலி மற்றவருடையதைவிட விரல்கடை உயரம். தாழ்ந்த நாற்காலிக்காரர் உட்கார மறுக்கிறார். ஒரு வாரம் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

“இந்தா, தாவுதிய,” என்றாள்.

“இல்லட்டி.”

“மூச்சு மாறுதே. கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த மூச்சத்தான கேக்கேன். நான் ஒரு விசயத்தச் சொல்ல ஆரம்பிச்சா ரெண்டாவது வார்த்தையில இப்படித்தான் மாறும். திரும்ப வாங்க. ‘தூதர் உட்காரவில்லை’, அங்கருந்து.”

அவன் திரும்ப வந்தான்.

“இந்த ஆளு யாரு மாரி இருக்காரு தெரியுதா?” என்றாள். “நம்ம கல்யாணத்துல பந்தியில எந்திரிச்சாருல்லா, உங்க மாமா.”

“எந்த மாமா?”

“ஒத்த மாமாதான உங்களுக்கு! மொதப் பந்தியில எடமில்லன்னு அடுத்த பந்தியில உக்கார வச்சுட்டாங்கன்னு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சாரே. எங்கப்பா போயிக் கெஞ்சுனாரு. எங்க சித்தப்பா போயிக் கெஞ்சுனாரு. மாப்பிள்ள, நீங்க போயிக் கூப்புட்டிய. ம்ஹூம். வாசல்ல போயி நின்னுக்கிட்டாரு. போவவும் மாட்டாரு, வரவும் மாட்டாரு.”

மகராசனுக்கு நினைவு வந்தது. “அப்புறம் அந்தச் சமையக்காரரு…”

“ஆங்! கரண்டியோட வந்தாரு பாருங்க. மாமான்னும் சொல்லல, மரியாதைன்னும் பேசல. ‘பாயசம் ஆறிப்போவும், உக்காருங்க’ன்னாரு. அம்புட்டுத்தான். போயி உக்காந்துட்டாரு. ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சாரு.”

மகராசன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாடிக்கோடு எகிறியது. கண் அந்த வரியில்தான் இருந்தது. தூதர் உட்காரவில்லை.

“அவருக்கும் உக்காரணும்னுதான் இருந்திருக்கு,” என்றாள் முத்தரசி. “எப்படி உக்காருறதுன்னு தெரியல. இந்தத் தூதரும் அதான். அடுத்த பக்கம் படிங்க.”

மூன்று நாளும் படித்தார்கள். மாவு மூட்டைக் கணக்கில் இருவரும் சண்டை போட்டார்கள். கைதிகளை மாற்றிக்கொள்ளும் இடத்தை அவள் இரண்டு முறை வாசித்தாள், அவன் நாடி நின்று அடித்தது. சில இடங்களில் தூதர்களை விட்டுவிட்டு, அவள் ஏன் விளிம்பூருக்கு வந்தாள் என்பதைப் பேசினார்கள். கண்ணை மட்டும் அவன் எடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘ஆம்’ என்று அமுக்கினான். அதுவரை அவன் அமுக்கிய ஆம்களில் உண்மையானது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை தளபதியின் ஒலிபெருக்கியை விளிம்பூர் மண்டபத்தில் ஒரு நாற்காலியில் வைத்தார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகே நேரலை தொடங்கியது, ஊரே பார்த்தது. பேச்சு தொடங்கியது. முடியவில்லை.

“என்னவே இது?” என்று கஸ்பார் ஓடி வந்தார். “இன்னும் பேசிக்கிட்டிருக்கு! பழுதாயிட்டா?”

“இல்ல சார். படிக்குது.”

பேச்சுவார்த்தை இரண்டு வாரம் நடந்தது. என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் தாவிவிடுவீர்கள். தென்குழிக்காரர்களும் அதையேதான் செய்தார்கள். முதல் நாள் ஊரே பார்த்த நேரலையை மூன்றாம் நாள் பார்த்தவர்கள், விளிம்பூரில் சொந்தக்காரர் உள்ளவர்கள் மட்டும்.

பனியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ரயில் ஓடியது. முத்தரசி வந்து இறங்கினாள். யார்மேலும் கல் விழவில்லை.

டீக்கடையில் அன்று மகராசனை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“ஒரே ஒரு கல்லாவது போட்டிருக்கலாம்லா, அண்ணாச்சி,” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். “கல்வீசியத் தாழ்த்தி வச்சு, புள்ளையளயெல்லாம் கூட்டிட்டுப் போயிக் காட்டுனோம். சப்புன்னு போச்சு.”

காப்பு மன்றமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது, கொஞ்சம் நல்ல தமிழில். தளபதியின் வேகம் குறைந்துவிட்டது. எதைக் கேட்டாலும் பேசலாம் என்கிறது. போன வாரம் காலுறை பற்றி விசாரித்ததாம். வாசகரின் கவனக்குறைவே காரணம். மகராசனை நீண்ட விடுப்பில் அனுப்பினார்கள். நாடிமுள்ளை எடுக்க ஆஸ்பத்திரியில் தேதி வாங்கச் சொன்னார்கள். தேதி கிடைக்கவில்லை. அதன் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் மன்றம் அதிகாரபூர்வ வரலாற்றை வெளியிட்டு வீட்டுக்கு வீடு அனுப்பியது. ‘பனிக்குழிப் போர்’ என்று தலைப்பு. போர் நடக்கவில்லை என்றாலும், வேறு தலைப்பு வைத்தால் யாரும் திறக்க மாட்டார்கள்.

மகராசன் கட்டிலில் சாய்ந்துகொண்டு திறந்தான். முத்தரசி அடுப்படியில் இருந்தாள்.

“அடுத்த வாரம் மறுபடியும் பம்பு ஷிஃப்டு வருது,” என்றாள். “விளிம்பூருக்கு. அங்க மறுபடியும் பனி அளவுல என்னமோ பெரச்சனையாம். கேக்குதா?”

“ம்.”

கைகலப்பு நடந்த பக்கங்களை அவன் வரிவரியாகப் படித்தான். கல்வீசியின் படத்தை விரலால் தடவினான். அடுத்த அத்தியாயம் பேச்சுவார்த்தை. முதல் பக்கத்தில் விளிம்பூர்க் குழு மண்டபத்துக்குள் வருகிறது. ஒலிபெருக்கியை வைத்த நாற்காலி தங்களுடையதைவிட உயரமாக இருப்பதைப் பார்த்து, ஐந்து பேரும் உட்கார மறுக்கிறார்கள். மண்டபத்தில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது தளபதி முதல்முறையாகப் பேசுகிறது. மரியாதை பற்றி அது எதுவும் சொல்லவில்லை. “பாயசம் ஆறிப்போவும், உக்காருங்க,” என்கிறது. மண்டபத்தில் பாயசம் எதுவும் இல்லை. ஐவரில் மூத்தவர் ஒலிபெருக்கியை முறைத்துப் பார்க்கிறார். பிறகு தோள் குலுங்கச் சிரித்துவிட்டு உட்காருகிறார். மற்ற நால்வரும் உட்காருகிறார்கள்.

இதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தது. மகராசனின் கட்டைவிரல் அதைத் தள்ளிவிட்டு, சண்டை எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டு போயிற்று. கடைசிவரை போயிற்று. ‘முழுவதும் படித்தீர்களா?’ என்று திரை கேட்டது.

“முடிச்சாச்சா?” என்று முத்தரசி உள்ளேயிருந்து கேட்டாள்.

“முடிஞ்சது,” என்று சொல்லிக்கொண்டே ‘ஆம்’ என்பதை அமுக்கினான்.

அவன் பின்கழுத்தில் இருந்த முள் தன் வேலையைச் செய்தது. பள்ளத்தின் மறுகோடியில் தளபதி அதைப் பெற்றுக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே குறித்துக்கொண்டது.

பேச்சுவார்த்தை: முடிந்தது.